மூன்றரைக்குக் கீழே: கல்லீரல் அறுவைக்கு முன் ஒரு புரதக் கணக்கு

ஓர் அறக்கட்டளையின் பெயரால் கள்ளக்குறிச்சிக்கு அழைத்தபோது, கல்லீரல் புற்றுநோயைப் பற்றிப் பொதுவாகப் பேசுங்கள் என்றுதான் கேட்டார்கள். பொதுவாகப் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரமும் அறிவுரையிலேயே கரைந்துவிடும். அதனால் ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆல்புமின் என்கிற ரத்தப் புரதத்தின் அளவு அது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கப் போகிற நோயாளிக்கு அந்த அளவு டெசிலிட்டருக்கு மூன்றரை கிராமுக்கு மேலே இருந்தால் ஒரு கதை, கீழே இருந்தால் வேறு கதை. ஏன் அப்படி, அதற்கு நாம் என்ன செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

கல்லீரலின் செயல்பாட்டைச் சொல்லும் எல்.எஃப்.டி. ரிப்போர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். மேல்வரியில் காமாலையைக் காட்டும் பிலிருபின். அதற்குக் கீழே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அடிவரிகளில் மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின். கல்வராயன் மலையிலிருந்து தகப்பனாரைக் கூட்டி வரும் மகன் அந்தத் தாளை மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டும்போதே விரல் மேல்வரியில்தான் இருக்கும். “காமாலை இறங்கிடுச்சா சார்?” இறங்கியிருக்கும். அடிவரியை அவர் பார்ப்பதில்லை. பல நேரம் மருத்துவர்களான நாங்களும் அவசரத்தில் மொத்தப் புரதத்தோடு கண்ணை எடுத்துவிடுவோம்.

அங்கேதான் சிக்கல். மொத்தப் புரதம் 7.2 கிராம் என்று இருக்கும். ஆறிலிருந்து எட்டு வரை இயல்பு என்பதால் லேப்காரர் அதற்குப் பக்கத்தில் எந்தக் குறியும் போட்டிருக்க மாட்டார். கூட்டலைப் பிரித்துப் பாருங்கள்: ஆல்புமின் 2.9, குளோபுலின் 4.3. ஆரோக்கியமான உடம்பில் ஆல்புமின்தான் பெரிய பங்கு, 3.5-லிருந்து 5 வரை. இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. ஆல்புமினைக் கல்லீரல் மட்டுமே செய்கிறது. குளோபுலினில் கணிசமான பங்கு நோய் எதிர்ப்பு அணுக்கள் செய்வது. நாள்பட்ட கல்லீரல் அழற்சியில் முதலாவது சரியும், இரண்டாவது ஏறும், கூட்டுத்தொகை அப்பாவிபோல நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சைச் சாயம் கலந்து ஆல்புமினை அளக்கும் முறைதான் நம் லேப்களில் பரவலாக இருக்கிறது. அந்தச் சாயம் குளோபுலினோடும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆல்புமின் குறைந்தவர்களிடம் மெஷின் காட்டும் எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 2.9 என்றால் அதற்கும் கீழே என்று நினைத்துக்கொள்வது நல்லது.

கல்லீரல் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஆல்புமின் செய்கிறது. செய்த ஆல்புமின் பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். வளர்ந்தவர் உடம்பில் மொத்தக் கையிருப்பு சுமார் 300 கிராம். அதில் பாதிக்கும் குறைவுதான் ரத்தக் குழாய்க்குள் ஓடுகிறது, மீதி திசுக்களுக்கு இடையே. குதிரில் கிடக்கும் நெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கியிருக்கிறது என்றால் விளைச்சல் பொய்த்திருக்கலாம், எலி தின்றிருக்கலாம், பக்கத்து வீட்டுக்கு மூட்டை போயிருக்கலாம். ரிப்போர்ட்டில் வருவது மட்டம் மட்டும்தான். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். கல்லீரல் செய்யவில்லையா, சிறுநீரகம் வழியாகக் கசிகிறதா, உடம்பில் எங்கோ ஒரு தொற்றோ அழற்சியோ இருந்து ஆல்புமின் குழாயை விட்டு வெளியேறுகிறதா?

“சாப்பாடு சரியில்லை, அதனால் ஆல்புமின் குறைவு” என்கிற வாக்கியத்தை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அது பாதிகூட உண்மையில்லை என்று தெரிகிறது. உணவையே வெறுத்து எலும்பும் தோலுமாகிப்போகிற மனநோய் ஒன்று உண்டு. அவர்களிடம்கூட ஆல்புமின் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆல்புமின் முதலில் கல்லீரலின் திராணியைச் சொல்கிறது. அடுத்து அழற்சியைச் சொல்கிறது. சாப்பாட்டைப் பற்றி நேரடியாக அதிகம் சொல்வதில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

அறுவைக்கும் இந்த எண்ணுக்கும் என்ன உறவு என்பதை முதலில் பெரிய அளவில் காட்டியது அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 44 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு; 1999-ல் வெளியானது. இதயம் தவிர்த்த பெரிய அறுவைகள் 54,215. ஆல்புமின் 4.6-க்கு மேல் இருந்தவர்களில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2.1-க்குக் கீழே இருந்தவர்களில் நூற்றுக்கு 29 பேர். சிக்கல்களும் அப்படியே, 10 சதவீதத்திலிருந்து 65-க்கு ஏறின. குடலிறக்கத்துக்கும் மூட்டு அறுவைக்குமே இப்படி என்றால், ஆல்புமினைச் செய்யும் உறுப்பையே வெட்டப் போகிறவருக்கு எப்படி இருக்கும்?

கல்லீரல் வளரும் உறுப்பு. நல்ல கல்லீரலில் நான்கில் ஒரு பங்கு மீதி விட்டாலும் தாக்குப்பிடித்து வளர்ந்துவிடும். சுருங்கிக் கட்டிதட்டிப்போன சிரோசிஸ் கல்லீரலில் நாற்பது சதவீதமாவது விட்டாக வேண்டும். நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் புற்று முளைப்பது இந்த இரண்டாவது வகைக் கல்லீரலில்தான். மஞ்சள் காமாலை பி வைரஸ், சி வைரஸ், பல வருடச் சாராயம், இப்போது சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரல், இவைதான் விதை. ஆல்புமின் குறைந்தவரிடம் அறுவைக்குப் பின் வயிற்றில் நீர் கோக்கிறது, தையல் ஆறுவதில்லை, தொற்று ஏறுகிறது. ஐந்தாம் நாள் பிலிருபினும் ரத்த உறைவு நேரமும் ஏறிக்கொண்டே போனால், மீதி விட்ட கல்லீரலும் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். எங்கள் துறையில் நாங்கள் அதிகம் பயப்படும் நாள் அந்த ஐந்தாம் நாள்.

அறுவை முடிந்த மறுநாளே ஆல்புமின் இறங்கும். வெட்டியெடுத்த பகுதியால் அல்ல. அரை ஆயுள் மூன்று வாரமுள்ள பொருள் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடாது. அறுவையின் அதிர்ச்சியில் நுண்குழாய்கள் கசிகின்றன, கல்லீரல் ஆல்புமின் வேலையை நிறுத்திவிட்டு அழற்சிப் புரதங்களைச் செய்யப் போய்விடுகிறது. யாருக்கும் இறங்கும். 4.2-லிருந்து இறங்குபவர் 3.2-ல் நிற்பார். 3.1-லிருந்து இறங்குபவர் எங்கே போய் நிற்பார்?

இந்த எண் மருத்துவத்தில் ஒரு மதிப்பெண் பட்டியலுக்குள் நுழைந்த கதையும் கேட்கத் தக்கது. 1964-ல் சைல்டு, டர்காட் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சிரோசிஸ் நோயாளிகளை மூன்று தரமாகப் பிரித்தார்கள். பார்த்தவை ஐந்து: பிலிருபின், ஆல்புமின், வயிற்று நீர், மூளைக் குழப்பம், ஐந்தாவதாக நோயாளியின் ஊட்டம். 1973-ல் லண்டனைச் சேர்ந்த பியூவும் கூட்டாளிகளும் அதைத் திருத்தினார்கள். ஊட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரத்த உறைவு நேரத்தை வைத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. உறைவு நேரத்தை விநாடியில் அளக்கலாம், ஊட்டத்தைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும், ஒவ்வொரு டாக்டர் கண்ணும் ஒவ்வொரு விதம். ஆனால் அன்று பட்டியலிலிருந்து விழுந்த ஊட்டம் அரை நூற்றாண்டு வெளியிலேயே நின்றது. இன்று சி.டி. ஸ்கேனில் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து, தசை கரைந்தவர்கள் அறுவையில் தேறுவது கடினம் என்று ஆய்வுக்கட்டுரைகள் எழுதுகிறோம். கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு தெரிய உள்ளே வருகிறவரைப் பார்த்ததுமே வார்டு ஆயா சொல்லிவிடுவார். ஸ்கேன் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் ஆயா சொன்னது சரி.

சைல்டு–பியூ பட்டியலில் இன்னொரு குறை. ஆல்புமின் 3.5-ஐத் தாண்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். 3.6-ம் 4.4-ம் ஒன்றா? 2015-ல் பிலிப் ஜான்சனும் பல நாட்டு மருத்துவர்களும் ஆல்புமின், பிலிருபின் இரண்டை மட்டும் வைத்து ‘அல்பி’ என்றொரு கணக்கை வகுத்தார்கள். வயிற்று நீரையோ மூளைக் குழப்பத்தையோ கண்ணால் மதிப்பிடும் வேலை இல்லை. ஆல்புமின் 3.6, 4.4 உள்ள இருவருக்கும் பிலிருபின் 1.2 என்று கொள்வோம். பழைய பட்டியலில் இருவருமே முதல் தரம். அல்பியில் 4.4 உள்ளவருக்கு மைனஸ் 2.87 வருகிறது, முதல் தரம். 3.6 உள்ளவருக்கு மைனஸ் 2.19, இரண்டாம் தரம். எல்லை மைனஸ் 2.60. அறுவைக்குப் பிந்தைய கல்லீரல் செயலிழப்பும் நீண்ட கால ஆயுளும் இந்தத் தரத்தோடு ஒத்துப்போவதைப் பிறகு பல நாடுகளில் பார்த்தார்கள். செல்போனில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. கள்ளக்குறிச்சியில் எடுத்த ரத்தத்தை வைத்தே, புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ அனுப்புவதற்கு முன்னமே, இங்கேயே தெரிந்துகொள்ளலாம். ஜப்பானின் ஒனோடெரா 1984-ல் சொன்ன கணக்கு இன்னும் எளிது: ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 45-க்கு மேல் நல்லது, 40-க்குக் கீழே கத்தியை எடுக்க யோசிக்க வேண்டும். அவர் வயிறு, குடல் அறுவைக்குச் சொன்னதைக் கல்லீரல்காரர்கள் பின்னர் எடுத்துக்கொண்டார்கள்.

முன்-ஆல்புமின் என்று ஒன்றும் உண்டு. பெயரில்தான் உறவு, பொருள் வேறு. அரை ஆயுள் இரண்டே நாள் என்பதால் கல்லீரலின் இந்த வார நிலைமையைக் காட்டும். சீனாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து பார்த்ததில், அறுவைக்கு முன் இது குறைந்தவர்களின் ஆயுள் குறைவாகவே இருந்தது. நம் மாவட்ட லேப்களில் இதைக் கேட்டு அலைய வேண்டியதில்லை.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். “சார், ஆல்புமின் பாட்டில் ரெண்டு ஏத்திட்டா சரியாப் போயிடுமா?” ஒரு பாட்டில் 100 மில்லி, அதில் 20 கிராம்; விலை பல ஆயிரம் ரூபாய். உடம்பின் கையிருப்பு 300 கிராம் என்றேன். ஏற்றியதில் பாதிக்கு மேல் சில நாளில் குழாயை விட்டு வெளியே போய்விடும். ரிப்போர்ட்டில் எண் அழகாகும். கல்லீரல் அப்படியே இருக்கும். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் சிரோசிஸ் முற்றிப் படுத்த 777 பேரை இரண்டு கூறாக்கி, ஒரு கூறுக்கு ஆல்புமினை மூன்று கிராமுக்குக் கொண்டுவரும் வரை ஏற்றிப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. தொற்று, சிறுநீரகக் கோளாறு, மரணம் சேர்த்துப் பார்த்தால் இரு கூறிலும் ஏறத்தாழ 30 சதவீதம், வித்தியாசமே இல்லை. ஏற்றியவர்களில் நுரையீரலில் நீர் கோத்ததுதான் அதிகம். ஆல்புமின் பாட்டிலுக்கு நிஜமான வேலை சில இடங்களில் உண்டு: வயிற்று நீரை ஐந்து லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கும்போது, அந்த நீரில் தொற்று வந்து சிறுநீரகம் கெடும் நிலையில். அங்கே அது உயிர் காக்கும். எண்ணை அலங்கரிக்க வேண்டாம். ஆட்டை விற்று பாட்டில் வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டை அறுத்து அவருக்கே சமைத்துப் போட்டிருந்தால் பிரயோசனம் கூடுதல்.

அடுத்தது பத்தியம். இந்த மாவட்டத்தில் கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் அடுப்பு மாறிவிடுகிறது. உப்பில்லாத மோர்ச்சோறு, எண்ணெய் கிடையாது, பருப்பு கிடையாது, முட்டை மீன் கறி கிட்டவே வரக்கூடாது, காலையில் மோரில் அரைத்துக் கலக்கிய கீழாநெல்லி. கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜனும் குழுவினரும், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற புளூம்பர்க்கோடு சேர்ந்து, அதை முறையாகச் சோதித்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேர் ரத்தத்திலிருந்து வைரஸ் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. சாதாரணமாக வரும் ஏ வகைக் காமாலை தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும். பத்தியம் இருந்தாலும் இறங்கும், இல்லாவிட்டாலும் இறங்கும். பேர் பத்தியத்துக்குப் போகிறது. பிரச்சினை என்னவென்றால், அதே பத்தியத்தைச் சிரோசிஸ்காரருக்கும் புற்றுநோய்க்காரருக்கும் மாதக்கணக்கில் போடுகிறார்கள். அந்த உடம்பு தசையை உருக்கித் தின்கிறது.

ஆல்புமின் சாப்பாட்டைக் காட்டும் எண் அல்ல என்று முன்பு அழுத்தியது இதற்காகத்தான். முட்டை கொடுத்தால் பத்து நாளில் 2.9 என்பது 3.5 ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை, ஆகாது. ஆல்புமின் கல்லீரலின் சொத்து. தசை சாப்பாட்டின் சொத்து. எண் ஏறவில்லையே என்று சாப்பாட்டை விட்டுவிடவும் கூடாது, எண் நன்றாக இருக்கிறது என்று கரைந்த தசையைக் கவனிக்காமல் விடவும் கூடாது. ஹாங்காங் குயின் மேரி மருத்துவமனையில் ஃபான் குழுவினர் கல்லீரல் புற்று அறுவைக்குப் போன 124 பேரிடம் இதைச் சோதித்து 1994-ல் எழுதினார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான உணவோடு, அறுவைக்கு முன்னும் பின்னுமாக 14 நாள் நரம்பு வழியாக அமினோ அமிலமும் சர்க்கரையும் கொழுப்பும் கொடுத்தார்கள். சிக்கல்கள் 55 சதவீதத்திலிருந்து 34-க்கு இறங்கின. குறைந்ததில் பெரும்பங்கு தொற்று. சிரோசிஸ் இருந்தும் பெரிய துண்டாக வெட்டப்பட்டவர்களுக்கே பலன் அதிகம். இன்று நரம்பு வழி தேவையில்லை, வாய் வழியே போதும் என்பது பொதுவான கருத்து.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் புரதம். ஐம்பது கிலோ ஆளுக்கு அறுபது எழுபது கிராம். நானூறு கிராம் அரிசிச் சோற்றில் முப்பது கிராம் அளவுக்கு வந்துவிடும். இரண்டு முட்டையில் பன்னிரண்டு. ஐம்பது கிராம் பருப்பில் பதினொன்று. அரை லிட்டர் பாலில் பதினாறு. கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் ரேஷனில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்புதான், முப்பது ரூபாய்க்கு. நோயாளி ஒருவருக்கே மாதம் ஒன்றரைக் கிலோ வேண்டும்; வீட்டில் நாலு பேர் இருப்பார்கள்.

கல்வராயன் மலையில் ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, கூடவே கொள்ளும் மொச்சையும் அவரையும். ஜாகீர்தார்களிடமிருந்து அரசு அந்த மலையை எடுத்தது 1976-ல்தான். அதுவரை பட்ட கஷ்டத்தைப் பொற்காலமாக்கிப் பேசும் ஆள் நான் இல்லை. ஆனால் கேழ்வரகில் நூற்றுக்கு ஏழு கிராம் புரதம், கொள்ளில் இருபதுக்கும் மேல். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளியில் ஒன்று, ஒன்றரை. வெள்ளிமலைப் பக்கம் வயல் மரவள்ளிக்கு மாறியதோடு தட்டும் மாறியிருக்கிறது. மலைவாழ் மக்களின் வாழ்க்கை நிலையை 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது பேசப்பட்டது சாலையும் ஆஸ்பத்திரியும்தான். தட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

அந்த விசாரணைக்கு முன்னே நடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அது கல்லீரல் நோய் அல்ல; மெத்தனால் பார்வை நரம்பையும் ரத்தத்தின் அமிலச் சமநிலையையும் தாக்கும், சாவு இரண்டு நாளில். மெத்தனால் கலக்காத ‘நல்ல’ சாராயம் அதே வேலையை இருபது வருடத்தில் கல்லீரல் வழியாகச் செய்கிறது. அதற்குத் தலைப்புச் செய்தி கிடையாது. அறுவைக்கு நாள் குறித்தவர் குடியை நிறுத்திய வாரங்களில், ஆல்புமின் தானாக ஏறுவதைப் பார்க்கலாம். பாட்டில் ஏற்றி வராத ஏற்றம் அது. பி வைரஸ் இருப்பவருக்கு வைரஸ் அடக்கும் மாத்திரையும் அப்படித்தான். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2011 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே பி வைரஸுக்கான மருந்தும் சேர்ந்துவிட்டது. அந்தக் குழந்தைகளின் தாத்தாக்கள்தான் இன்று என் மேசையில்.

நாள் குறித்ததற்கும் அறுவை மேசைக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் எப்படியும் போகும். புற்று அதற்குள் ஓடிவிடாது. ஆனால் மாதக்கணக்கில் தள்ளவும் கூடாது. அந்த வாரங்களில் நான் கேட்பது மூன்று. பகலில், முன்பு சொன்ன கணக்குப்படி சாப்பாடு. தினமும் நடை, தசை நடக்காமல் தங்காது. மூன்றாவதை யாரும் நம்புவதில்லை: படுக்கப் போகும் முன் ஒரு கிண்ணம் பால் ஊற்றிய கேழ்வரகுக் கஞ்சி, அல்லது இரண்டு கடலை உருண்டை. சிரோசிஸ்காரருக்கு ஒரு ராத்திரிப் பட்டினி, நல்ல உடம்புக்காரரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். கையிருப்புச் சர்க்கரையைச் சேர்த்து வைக்க அந்தக் கல்லீரலால் முடியாது, விடிவதற்குள் தசையில் கை வைத்துவிடும். கடலையில் பூசணம் பிடித்ததைக் கண்டால் கொட்டிவிடுங்கள். சோளத்திலும் கடலையிலும் வளரும் அந்தப் பூஞ்சையின் நஞ்சு, பி வைரஸோடு சேர்ந்தால் கல்லீரல் புற்றைப் பல மடங்கு கூட்டும்.

அறுவைக்கு முந்தின நாள் ராத்திரியிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது என்கிற வழக்கம் பல இடங்களில் இன்னும் நீடிக்கிறது. மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்வரை லேசான உணவும், இரண்டு மணி நேரம் முன்வரை தெளிந்த திரவமும் கொடுக்கலாம் என்று மயக்கவியலாரே ஒப்புக்கொண்டு வெகு காலமாகிவிட்டது. பின்னாலும் அப்படித்தான், முதல் நாளே வாய் வழியே ஆரம்பித்துவிடலாம்.

நோயாளி பத்துப் பன்னிரண்டு நாளில் வீடு திரும்புவார். ஆல்புமின் திரும்ப மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேல். நாங்கள் ‘மறுபடி வாங்க’ என்று எழுதும் தேதியும் அதுவே. வயிற்றில் தையலோடு மலையிறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் பிடித்து வந்து ஒரு சிரிஞ்சு ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பலர் வருவதில்லை. வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ரத்தத்தை மலையில் இருக்கும் சுகாதார நிலையத்திலேயே எடுத்து, இங்கே 2022-ல் திறந்த மருத்துவக் கல்லூரி லேபுக்கு அனுப்பி, முடிவைப் போனில் எங்களுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்கத்தான் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். முன்வரிசையில் சுகாதாரத் துறையிலிருந்து இருவர் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.